டைபர் கரைச் சுவரில் ஒரு படகு

வீடியோ காலில் அந்தச் சுவரைக் காட்டியபோது அம்மா கேட்டாள்: “பாதி கழுவிட்டு அப்படியே விட்டுட்டாங்களா?” சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரிதான்.

ரோமில் டைபர் ஆற்றங்கரையில், சிஸ்தோ பாலத்துக்கும் மாட்சினி பாலத்துக்கும் நடுவே, ஒரு சொட்டு வண்ணமும் பூசாமல் உருவான ஓவியம் அது. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் செய்தது. ஸ்டென்சிலைச் சுவரில் பொருத்தி, சுற்றியிருந்த அழுக்கையும் பாசியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். கழுவாமல் விட்ட கறுப்புதான் உருவம். ‘வெற்றிகளும் புலம்பல்களும்’ என்று பெயர். சுமார் 500 மீட்டர் நீளம், 80க்கும் மேற்பட்ட உருவங்கள், சில 10 மீட்டர் உயரம். 2016 ஏப்ரல் 21, ரோமின் பிறந்தநாளன்று திறந்தார்கள். அன்று இசைக் கலைஞர்களின் ஊர்வலங்கள் இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சந்தித்தனவாம். மதுரையில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நம் எதிர்சேவை மாதிரி இருந்திருக்கும்.

ரோமின் சின்னமான ஓநாய் எலும்பும் தோலுமாக, ஜெருசலேமைக் கொள்ளையடித்துத் திரும்பும் படை, 1975இல் கொல்லப்பட்ட இத்தாலிய திரைப்பட இயக்குநர் பசோலினியின் உடல் என்று எல்லாம் அங்கே ஒரே ஊர்வலத்தில் இருக்கின்றன. கூடவே, மனிதர்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு படகும். கடல் தாண்டி வந்தவர்கள்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒருவர், “இந்த ஊர் வரலாறு உங்களுக்கு எதற்கு?” என்றார். அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. மாலையில் இந்தப் படகின் முன் போய் நின்றேன். பேரரசர்களின் வரிசையிலேயே எங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது இந்தச் சுவர். கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆனால் சுவரில் மறுபடி அழுக்கு ஏறுகிறது, உருவங்கள் மங்குகின்றன. இப்படி மறையும் என்று தெரிந்தேதான் கென்ட்ரிட்ஜ் செய்தார். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மற்றவர்களுக்குச் சிலை இருக்கிறது, வெற்றி வளைவு இருக்கிறது. படகில் வந்தவர்களுக்கு வேறென்ன இருக்கிறது?

ரோம் எனக்குப் பழகிவிட்டது. எந்த பஸ்ஸை நம்பக்கூடாது என்று தெரியும், காபியை நின்றபடியே குடிக்கவும் பழகியாச்சு. ஆனால் இந்த ஆற்றோரம் நடந்தால் போதும், கண் வைகையைத் தேடும். யானைக்கல், மைய மண்டபம், சித்திரையில் அழகர் இறங்கும்போது தோளில் ஏற்றிக்காட்டும் அப்பா.

மதுரையில் இப்படி ஒரு சுவர் கிடைத்தால் யாரை நிறுத்துவது என்று தங்கையிடம் கேட்டேன். ராணி மங்கம்மாள் என்று உடனே சொன்னாள். சரி, வெற்றி பக்கம் ஆள் கிடைத்தாயிற்று. புலம்பலுக்கு, குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டு விழுந்தவர்கள் என்றேன் நான். பஞ்சாலைத் தொழிலாளர்களை ஏன் விட்டாய் என்று அவள் கோபித்துக்கொண்டாள். அவள் சொன்ன தொழிலாளர்களையும் நான் சொன்னவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம். மங்கம்மாள் சற்றுத் தள்ளி நிற்கட்டும்.