கச்சான் வரட்டும்

மே 27
கச்சான் இல்லை, தென்மேற்குக் காற்று.

மே 29
இன்றும் இல்லை. காற்று கடலை எவ்வளவு கலக்குகிறது என்று அளக்க, தென்கடல்தான் முரட்டுக்கடல் என்று நம்பி வந்தோம், எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கிறது. மதியம் மேல்தண்ணீர் வெந்நீர், கலக்க ஆளில்லை. பவளத்துக்கும் இது ஆகாது. 2016-ல் இப்படிச் சூடேறித்தான் இதே மன்னார் வளைகுடாவில் வெளுத்தது.

“காத்து வரட்டும்னு வேண்டுறவள இப்பத்தான் தாயி பாக்குறேன்” என்கிறார் படகுக்கார அண்ணன்.

ஜூன் 1
மிச்சம் ஒரே ஒரு ஷியர் புரோப், கலக்கத்தை அளக்கும் முனை. நுனியில் உள்ள பீங்கான் துண்டு, தண்ணீர் குறுக்கே தள்ளினால் வளைந்து மின்னழுத்தம் தரும். துடைக்கிறேன் பேர்வழி என்று இன்னொன்றின் மேல் கட்டைவிரலை வைத்தது நானேதான்.

ஜூன் 4
கயிறு. கனவிலும் கயிறுதான். புரோப் பூட்டிய கருவி தன் பாட்டுக்கு விழ வேண்டும், நொடிக்கு 60 சென்டிமீட்டர், கயிறு தொய்ந்தே இருக்க வேண்டும், கொஞ்சம் விறைத்தாலும் படகின் ஆட்டம் கீழே இறங்கிவிடும், அப்புறம் நாம் அளப்பது கடலை இல்லை, படகை. 20 மீட்டருக்கு அரை நிமிடம்தான். அதற்குள் அண்ணனுக்கும் எனக்கும் மூச்சு நின்று வருகிறது.

இவ்வளவு பாடுபட்டும் மேல் 3 மீட்டரை வெட்டி எறிய வேண்டும். படகு கலக்கியது எது, காற்று கலக்கியது எது என்று அங்கே பிரிக்க முடியாது. காற்று முதலில் அடிக்கிற இடமே நமக்கு இல்லை! கீழிருந்து மேலே எழும் கருவி வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

ஜூன் 7
அம்மா ஃபோன். அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லையாம்.

ஜூன் 8
ராத்திரி இறக்கியதில், இலை அசையாத நேரத்தில், 8 மீட்டர் வரை கலக்கம். சந்தோஷத்தில் குதித்தேன். பிறகுதான் உறைத்தது: வெயில் போனதும் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, தானாகவே கீழே இறங்குகிறது. காற்றின் கணக்கில் இதை எழுதினால் அது திருட்டு.

ஜூன் 12
கச்சான்! காலையில் நொடிக்கு 5 மீட்டர், மதியம் 10. காற்று இரட்டித்தால் கடல்மேல் இழுப்பு நான்கு மடங்கு, கலக்கத்துக்குப் போகும் ஆற்றல் எட்டு மடங்கை நெருங்கும். அந்த எட்டு மடங்கைக் கரையில் நின்று பார்த்தேன், நாட்டுப்படகு போகாது. நுரை காற்றுப் போக்கிலேயே கோடு கோடாக. “பாசியும் இப்பிடித்தான் வரிசை கட்டும்” என்றார் அண்ணன். 1927-ல் அட்லாண்டிக்கில் இதே பாசி வரிசையைப் பார்த்துத்தான் அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர், காற்றடியில் தண்ணீர் சுருள் சுருளாகப் புரள்கிறது என்ற யோசனைக்குப் போனார். அவருக்குக் கப்பல் இருந்தது.

ஜூன் 13
அப்பா பேசவே இல்லை. அம்மாவே பேசி வைத்துவிட்டாள்.

ஜூன் 15
மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. 61 நாள் காத்திருந்த விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் இல்லை, காற்று அதிகமாம். நான் கேட்ட காற்று. டீக்கடையில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூன் 17
விடியற்காலை 4.20. காற்று நொடிக்கு 7 மீட்டர். போகலாம் என்கிறார் அண்ணன், மதினி வாசலிலேயே நிற்கிறார். புரோப் டப்பா என் மடியில். ஃபோன் அடிக்கிறது, அம்மா, இந்த நேரத்தில்