அடி இல்லாத பக்கம்

நேற்று ராத்திரி பத்தரைக்கு அலாரம் வைக்கத்தான் போனை எடுத்தேன். கீழே வைக்கும்போது மணி பன்னிரண்டே கால். என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. கதை கேட்கக் காத்திருந்த மகள் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஓர் அடி இருந்தது. "அடுத்த பக்கம்" என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில், போதும் என்று எழுந்துவிடலாம். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்தது வந்துகொண்டிருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோல் அந்த நொடியையே எடுத்துவிட்டது. பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டீன், தன் போனில் புது செயலி எதையும் இறக்க முடியாதபடி உதவியாளரை வைத்துப் பூட்டிக்கொண்டார். செய்தவருக்கே பூட்டு தேவைப்பட்டிருக்கிறது!

உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைப் புறாக்களும் இப்படித்தான். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் விடாமல் கொத்தின. திரையை இழுத்து விடும் நம் விரலும் அதையேதான் செய்கிறது.

அதனால் மனஉறுதி இல்லை என்று என்னையே திட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன். இன்று காலை ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். போனுக்கு இனி ராத்திரி இடம் சமையலறை அலமாரி. அறிவிப்புகள் எல்லாம் நிறுத்தியாச்சு. ஒன்பது மணிக்கு மேல் அவசரம் என்றால் கூப்பிடுங்கள், மெசேஜ் பார்க்க மாட்டேன். மகளுக்கு நரிக் கதை பாதியில் நிற்கிறது.