வால்வைக் கழற்றச் சொன்ன தம்பி

"அந்த வால்வக் கழட்டி உட்ருங்ணா. என்ற மச்சான் வண்டியில கழட்டுனதுக்கு அப்பறம் சூடே ஏறறதில்லீங்."

முடியாது என்றேன். சரியான பதில்தான். ஆனால் அந்த வண்டி இன்றைக்கும், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இல்லாமல் வால்பாறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வேறு பட்டறையில் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

புகார் என்ன? 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், வாடகை வண்டி. ஊருக்குள் ஏசி போட்டு நின்றாலும் சூடாகாது. ஆழியாறு வரை ஒன்றும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில்தான் வெப்ப முள் எழும்பும். இதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. நின்ற இடத்தில் சூடானால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும்: ஃபியூஸ், ரிலே, மோட்டார், சென்சார். நெடுஞ்சாலை வேகத்தில் சூடானால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ஓடியும் சூட்டை இழக்கவில்லை: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஆர்பிஎம் ஏறும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். மலை ஏற்றம் இரண்டும் சேர்ந்தது. இரண்டாம் கியர், முழு பாரம், காற்று குறைவு. சமதளத்தில் மறைந்திருக்கும் குறையெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

எஞ்சின் ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தது. சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். மூடியில் 1.1 பார் என்று போட்டிருந்தது. அந்த அழுத்தம் நிற்கும் வரை தண்ணீர் 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அதே தண்ணீர் 100-லேயே கொதித்து ரிசர்வ் டப்பாவுக்குப் போய்விடும். மூடி நன்றாக இருந்தது. கைப்பம்பை வைத்து 1 பார் ஏற்றினோம், முள் இறங்கவில்லை, ஆக வெளிக்கசிவு இல்லை. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கு நீலத் திரவச் சோதனை: சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே நின்றது. ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றியது.

பிறகு அவர் குற்றம் சாட்டிய வால்வு. கழற்றி, பாத்திரத்தின் அடியில் படாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு தண்ணீரைச் சுட வைத்தோம். 82 என்று முத்திரை. 82-ஐ ஒட்டித் திறக்க ஆரம்பித்து, 95-க்குள் 8 மில்லிமீட்டர் திறந்தது. அந்த வண்டியில் குறையே இல்லாத பாகம் என்றால் அதுதான்.

குறை ரேடியேட்டரில். எஞ்சினைச் சூடேற்றி, ஃபேன் ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை முகப்பில் நகர்த்தினால் மேல்பக்கம் 90-ஐ ஒட்டி இருக்கிறது. கீழ் மூலையில் பெரிய ஒரு பட்டை 50-ஐத் தாண்டவில்லை. அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை. வாய்ப்பகுதியில் விரலை விட்டால் வெள்ளை உப்புப் படிவு. வருடக்கணக்கில் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர். பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் வைக்கலாம். இது அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். மருந்து ஊற்றிக் கழுவினால் கொஞ்சம் மீளும், முழுதாக மீளாது. "புதுசு போடணும் தம்பி" என்றதும்தான் மச்சான் வண்டிக் கதை வந்தது. டியூ கட்ட வேண்டிய வாரம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது.

மறுத்ததற்குக் காரணங்கள் உண்டு. வால்வு இல்லாத எஞ்சின் சமதளத்தில் 70 டிகிரியைத் தாண்டத் திணறும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதை இன்னும் சூடேறாத எஞ்சின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும், சிலிண்டரின் உள்சுவர் தேயும். சில எஞ்சின்களில் வால்வின் அடித்தட்டுதான் பைபாஸ் பாதையை அடைக்கிறது. அங்கே வால்வைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, சூடு முன்னைவிட ஏறும். ஆனால் இந்த எஞ்சின் அந்த வகை இல்லை. நம் பட்டறைகளில் சொல்லும் இன்னொரு காரணம், தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரமிருக்காது என்பது. அது தவறு. ஓட்டம் கூடினால் வெப்பமும் கூடுதலாகத்தான் வெளியேறும்.

அப்படியென்றால் அவர் கேட்டதில் நியாயம் இருந்ததா? கணக்குப் போட்டால் கொஞ்சம் இருக்கிறது. வால்வோடு போனால் ஏற்றத்தின் அடியில் எஞ்சின் 90-ல் நிற்கும். இல்லாமல் போனால் 70-ல். அத்தனை லிட்டர் தண்ணீரும் உலோகமும் அந்த இருபது டிகிரி ஏறச் சில நிமிடங்கள் ஆகும். முழுதாகத் திறந்த வால்வுகூட ஓட்டத்தைச் சற்றுத் தடுப்பதுதான், அந்தத் தடையும் இல்லை. மேலே போகப் போகக் காற்றும் குளிர்கிறது. நாற்பது வளைவு முடிவதற்குள் சிவப்பைத் தொடாமல் தப்பிவிடலாம். மச்சான் பொய் சொல்லவில்லை.

ஆனால் ரேடியேட்டர் அடைவது நிற்கவில்லையே. அந்த இருபது டிகிரி ஒவ்வொரு மாதமும் குறையும். வெப்ப முள்ளை நம்பவும் முடியாது: இப்போதைய வண்டிகள் பலவற்றில் 80-க்கும் 105-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது எழும்பும்போது மிச்ச நேரம் மிகக் குறைவு. ஒருமுறை சிவப்புக்குப் போய் ஹெட் வளைந்தால், மட்டப்பலகையும் ஃபீலர் கேஜும் வைத்து 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங், கேஸ்கட், புது போல்ட்டுகள். ரேடியேட்டர் விலை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேனா என்று சில சமயம் தோன்றும். அந்த எண்ணம் பிடிக்கவில்லை.

நடுவழி ஒன்று இருந்தது. மருந்து ஊற்றிக் கழுவி, வடிநீரும் கூலன்டும் சரிபாதி ஊற்றி, முன்பக்கத்தைத் தூக்கி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றி, ஏற்றத்தில் ஏசியை நிறுத்தி முதல் கியரில் போ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதுவும் மீண்டும் மீண்டும் வர வைக்கும் அரைகுறை வேலைதானே என்று அன்றைக்குத் தோன்றியது.

பிரேக் பேட் மாற்ற அவர் திரும்ப வந்தபோது ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் 71 காட்டியது. "மைலேஜ் கொறைஞ்சு போச்சுங்ணா, பிளக் மாத்தோணுமா?" என்றார். பிளக் நாலும் கரி படிந்து கறுத்திருந்தன. வால்வுதான் காரணம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ரேடியேட்டர் காச பெட்ரோல்ல கொஞ்சங் கொஞ்சமா கட்டிட்டிருக்கறனுங்க. பரவால்லீங்ணா, ஒண்ணா கேட்டாத்தான் கஷ்டம்."

பிளக்கைத் துலக்கிப் போட்டேன். ஒரு லிட்டர் கூலன்ட் விற்கலாமென்று பார்த்தேன், அதுவும் வேண்டாமென்றுவிட்டார்.