கஞ்சா எண்ணெய் கேட்டு ஹாட்யாய் வரை போய் வந்தேன்

நான் மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறையில் லாரி ஓட்டுகிறவன். நாலு மாதமாக இடது பிட்டத்தில் ஆரம்பித்து பின்தொடை வழியாகக் கணுக்கால் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கும், இருமினால்கூட இழுக்கும். எம்ஆர்ஐ எடுத்ததில் கீழ் முதுகில் எல்5-எஸ்1 என்ற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். நரம்பு வலிக்கு பிரிகாபலின் மாத்திரை கொடுத்தார்கள், எனக்குத் தலைசுற்றல்தான் மிச்சம்.

அப்போதுதான் மச்சான் சொன்னார், "தாய்லாந்து ஹாட்யாயில் டாக்டரே பார்த்து கஞ்சா எண்ணெய் எழுதித் தராங்க, ஒருக்கா போய்ப் பாரு." தாய்லாந்தில் 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்ததும், 2025 ஜூனில் கஞ்சாப் பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியதும் தெரியும். டாக்டர் சீட்டோடு வாங்கினால் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பட்டர்வொர்த்தில் கம்யூட்டர் ரயில் ஏறி, எல்லையில் பாடாங் பெசாரில் ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடித்து, தாய் ரயில் பிடித்தோம். வழியில் சிக்கல் ஒன்றும் இல்லை, உட்கார முடியாமல் பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன் என்பதைத் தவிர.

கிளினிக்கில் முதல் கேள்வியே "எம்ஆர்ஐ ரிப்போர்ட் எங்கே?" என்னிடம் இருந்தது ஸ்கேன் படங்கள் உள்ள சிடி மட்டும். ஸ்கேன் எடுத்த தனியார் இடத்தில் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டேன், "ரிப்போர்ட் டாக்டருக்குத்தான் போகும் அங்கிள், உங்களுக்கு சிடி போதும்" என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டாள். இந்த டாக்டரம்மா சிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவருடைய லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. அவ்வளவு தூரம் போய், ஒரு தாள் இல்லாமல் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அந்த அம்மா அனுப்பிவிடவில்லை. ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து, நரம்பு எங்கே நசுங்குகிறது என்று பேனாவால் குத்திக் காட்டினார். நான் ஆசைப்பட்டது கஞ்சா கிரீம்தான், தடவுவதுதானே, பயமில்லை என்று. அது தோலுக்கும் அதற்குக் கொஞ்சம் கீழேயும்தான், அவ்வளவு ஆழத்தில் இருக்கும் நரம்பு வேருக்கு எட்டாது என்றார். புகைத்தால் சில நிமிடத்தில் கேட்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும், நுரையீரலுக்கும் கேடு. கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் வேலை செய்ய ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும், ஒன்றுமே ஆகலையே என்று இன்னொன்றைத் தின்றுவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகமாம். நாக்கடியில் விடும் எண்ணெய் அரை மணி, முக்கால் மணிக்குள் தெரியும், சொட்டை எண்ணிக் கூட்டிக் குறைக்கலாம். கொடுப்பதென்றால் அதைத்தான், அதுவும் மிகக் குறைந்த அளவில் இரவில் மட்டும் தொடங்கச் சொல்வேன் என்றார். ஆனால் சியாட்டிகா என்கிற இந்தக் கால் நரம்பு வலிக்கென்று உறுதியான ஆதாரம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார், கஞ்சாவில் உள்ள போதை தராத சிபிடி என்ற பொருள் அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடுமாம்.

அப்புறம் கேட்டார், "எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" நாளைக்கு என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். நம் நாட்டில் 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் முன் தாய் டாக்டரின் சீட்டு செல்லாது. 200 கிராம் கஞ்சா வைத்திருந்தால் கடத்தல் என்றே அனுமானிப்பார்கள், அதற்குக் குறைந்தாலும் குற்றம்தான். பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சிறுநீரில் தெரிந்தால் 15ஆம் பிரிவு இருக்கிறது, 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. சிபிடி மட்டும் உள்ளதாகக் கொடுங்களேன் என்று கெஞ்சினேன். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் போதை தரும் டிஹெச்சி கொஞ்சம் கலந்திருக்கலாம், அது பல நாள் உடம்பில் நிற்கும், நீங்கள் லாரி ஓட்டுகிறவர், நான் தரமாட்டேன் என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த அம்மாவை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எல்லையில் அந்தப் பாட்டிலோடு நான் நின்றிருந்தால் என் பிள்ளைகள் கதி என்ன?

மச்சான் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் யார் சொன்னாலும், டாக்டர் சீட்டு இருக்கிறதென்று நம்பி எண்ணெயோ கிரீமோ மிட்டாயோ கொண்டுவந்துவிடாதீர்கள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவதும் அதே ஆபத்துதான்.

திரும்பி வந்த மறுநாளே அந்த ஸ்கேன் சென்டருக்குப் போய், ரிப்போர்ட் தாள் கைக்கு வராமல் நகரமாட்டேன் என்று கவுன்டர் முன்னாலேயே நின்றேன். உட்காரத்தான் முடியாது, நிற்க முடியுமே. முக்கால் மணி நேரத்தில் மேனேஜர் வந்தார், இரண்டு பக்கத் தாள், முத்திரையோடு. அதை வைத்து அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் பார்த்து, இப்போது ஆறு வாரமாக பிசியோ போகிறேன். வலி கணுக்காலிலிருந்து முட்டிக்கு மேலே ஏறிவிட்டது, அப்படி மேலே ஏறுவது நல்ல அறிகுறி என்கிறார் பிசியோ தம்பி. இந்த வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ எதற்கும் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: ரிப்போர்ட் தாளாக என் கையில் தருவீர்களா, என்றைக்கு?