எஸ்சிடலோபிராம் மாத்திரையோடு என் அனுபவம்

மனச்சோர்வுக்கு மாத்திரை வேண்டியிருக்கும் என்றார் மனநல மருத்துவர். எழுதித் தருவதற்கு முன் நிறையக் கேட்டார். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மூலிகை, சத்து மாத்திரை எதுவும் உண்டா? தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்ததுண்டா? இந்தக் கேள்வி எதற்கென்று அப்புறம்தான் புரிந்தது. இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் மிகையான உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) இருப்பது தெரியாமல் இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம்.

குறைந்த அளவில் தொடங்கினோம். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, தூக்கம் கெட்டது, பதற்றம் முன்பைவிடக் கூடியது. பக்கவிளைவு உடனே வரும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். ஆரம்பத்திலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் தலைதூக்கினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே அழைக்கச் சொல்லி என் மனைவியிடமும் பேசினார். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாம். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, இருந்தாலும் சொன்னார்.

இடையில் முதுகுவலிக்கு வேறொரு மருத்துவர் டிராமடால் எழுதப்போனார். எஸ்சிடலோபிராம் சாப்பிடுவதைச் சொன்னதும் மாற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் உடலில் செரடோனின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம்வரை போகலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பிலும் இதே கவனம் வேண்டும். இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மருந்துக்கடையில் நாலு பேர் முன்னால் மனநோய் பற்றிப் பேசக் கூச்சமா? மாத்திரையின் பெயரை மட்டும் சொல்லுங்கள், மருந்தாளுநருக்குப் புரியும்.

தாம்பத்திய ஆர்வமும் குறைந்தது. மனநல மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பலருக்கும் வருவதுதான், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

சரி, தெளிந்துவிட்டேன், நிறுத்தலாமா என்று கேட்டேன். நலமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர்ந்தால்தான் மனச்சோர்வு திரும்பி வரும் வாய்ப்பு குறையும் என்றார். அதன்பின் படிப்படியாகக் குறைத்தோம். குறைத்த ஒவ்வொரு முறையும் சில நாட்கள் தலைசுற்றியது, தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றது. அடிமையாகிவிட்டேனோ என்று பயந்தேன். மாத்திரைக்காக ஏங்குகிறீர்களா என்று கேட்டார். இல்லை. உடல் பழகிய மருந்து குறைவதால் வரும் அறிகுறிதான் இது என்றார். கடைசிக் கட்டத்தில் நான் அவசரப்பட்டேன், அவர் மசியவில்லை. அளவு குறையக் குறைய, சின்னக் குறைப்புகூட மூளைக்குப் பெரிதாகத் தெரியுமாம். அதனால் முடிவை நெருங்கும்போதுதான் இன்னும் மெதுவாகக் குறைத்தார்.