முதலில் முதுகு, அப்புறம்தான் தலை

பிப்ரவரி 8

ஸ்கைடைவிங்கில் ஃப்ரீஃப்ளை பழகப் போகிறேன், அதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கலாம் என்று எண்ணம். தமிழில் தேடினால் செந்தோசா சுற்றுலா விளம்பரம்தான் வருகிறது, பழகுகிறவர்கள் எழுதினது எதுவும் என் கண்ணில் படவில்லை.

என் கையில் இருப்பது ஏ லைசென்ஸ், பாராசூட்டோடு தனியாகக் குதிப்பதற்கான முதல் படி உரிமம். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி குறைந்தது 25 முறை குதித்தால்தான் அது கிடைக்கும். பட்டாயா பக்கம் போய் வாங்கினேன், ஏனென்றால் சிங்கப்பூரில் நம்மைப் போன்றவர்கள் குதிக்க இடமே கிடையாது, தேசிய தினத்தன்று ராணுவத்தின் ரெட் லயன்ஸ் பாராசூட் வீரர்கள் குதிப்பதை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இதுவரை நான் விழுந்ததெல்லாம் குப்புறப் படுத்த நிலையில், பெல்லி என்பார்கள். ஃப்ரீஃப்ளை என்றால் அது போக மற்றதெல்லாம்: உட்கார்ந்து, நின்று, மல்லாந்து, தலைகீழாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புரண்டு. 1990களில் ஓலாவ் ஸிப்ஸர் என்ற ஜெர்மானியர்தான் இதைத் தனிப் பிரிவாக வளர்த்தவர் என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்போது பெரும்பாலும் வானத்தில்தான் பழக வேண்டியிருந்தது. நமக்கு செந்தோசாவின் சிலோசோ கடற்கரை ஓரம் ஐஃப்ளை இருக்கிறது, கீழிருந்து மேலே வீசும் காற்றில் ஆள் மிதக்கிற குழாய், டனல் என்போம், 2011-இல் திறந்தது, பறக்கும் அறை 5 மீட்டர் அகலம், 17 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம்.

பயிற்றுநர் இன்று கேட்ட முதல் கேள்வி, தோள்பட்டை எப்போதாவது விலகியிருக்கிறதா என்பது. ஏற்கெனவே விலகின தோள் என்றால் காற்று கையைப் பிடித்துத் தள்ளும்போது மறுபடி விலகும். இரண்டாவது கேள்வி, தலைகீழாகப் பறக்க எவ்வளவு அவசரம் என்பது. ரொம்ப அவசரம் என்றேன். சிரித்துவிட்டு, முதலில் மல்லாக்கப் படுக்கப் பழகுங்கள் என்றார்.

பிப்ரவரி 16

மல்லாக்கப் படுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை வந்து படுத்துப் பார்க்க வேண்டும். குப்புறப் படுத்தால் கீழே கம்பி வலை தெரியும், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்று தெரியும். மல்லாந்தால் தெரிவது மேலே நீண்டு போகிற குழாயும் வெளிச்சமும்தான். போதாததற்கு, பெல்லியில் முதுகை வில்லாக வளைத்துப் பழகிய உடம்பு இங்கேயும் அதையே செய்யப் பார்க்கிறது. காற்றுக்கு எதிரே புடைத்திருக்கிற பக்கம்தான் நிலையாக நிற்கும், குழிந்த பக்கத்தைக் காட்டினால் புரட்டிப் போட்டுவிடும். அதனால் மல்லாந்து பறக்கும்போது மார்பை உள்ளே வாங்கி, முதுகைக் கொஞ்சம் கூன் போட்டுச் சாய வேண்டும். சின்ன வயதிலிருந்து அம்மா என்னிடம் "கூன் போடாதே" என்று கத்தினது இப்போது எதிராக வேலை செய்கிறது.

காலை நீட்டினால் உடம்பு தலைப் பக்கமாக நகரும், கையைக் காற்றில் அழுத்தினால் கால் பக்கமாக. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், உடம்புக்குச் சொல்லிப் புரிய வைப்பதுதான் பாடு.

உள்ளே பேச முடியாது, காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெல்மெட், அதற்கு மேல் விசிறிகளின் இரைச்சல், எல்லாம் கைச் சைகைதான். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, மடக்கினால் மடக்கு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆட்டினால் உடம்பைத் தளர்த்து என்று அர்த்தம். இன்று எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்த மூன்றாவதுதான்.

ஏன் முதுகில் ஆரம்பிக்கிறார்கள் என்று வெளியே வந்து கேட்டேன். உட்காரும்போதோ தலைகீழாக நிற்கும்போதோ நிலை தவறினால் போய் விழுவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம் முதுகு, அது உங்களுக்கு வீடு மாதிரி ஆகிற வரைக்கும் மற்றதைத் தொடப் போவதில்லை என்றார். விழுவதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 22

மல்லாந்து ஓர் இடத்தில் நிற்க முடிகிறது. வலது பக்கம் திரும்ப வருகிறது, இடது பக்கம் வரவில்லை. கழுத்து வலிக்கிறது. வீட்டில் கோடாலித் தைலம் வாசனை.

மார்ச் 2

காசு பற்றி ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறீர்கள். டனலில் நேரத்தை நிமிடக் கணக்கில்தான் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்கு இரண்டு நிமிடமாக மாறி மாறி உள்ளே போவோம், அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் கை கால் கேட்காது. இரண்டு நிமிடம்தானா என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 13,000 அடியிலிருந்து குதித்தால் பெல்லியில் கிடைக்கிற வீழ்ச்சி நேரமே சுமார் ஒரு நிமிடம், அதற்கு விமானம் ஏறி, இறங்கி, பாராசூட்டை மறுபடி மடித்து வைக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் டனல் மலிவு. மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மலிவு இல்லை. வேலை நாள் இரவில்தான் போகிறேன், கூட்டமும் குறைவு, காசும் குறைவு.

மார்ச் 9

உட்கார விட்டார்கள்!

சிட் ஃப்ளை என்பது கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருவது. தொடை படுக்கையாக, முழங்காலுக்குக் கீழே நேராக, கை இரண்டும் பக்கவாட்டில், பார்வை எதிரே கண்ணாடியில். பிடிமானம் இல்லாமல் பஸ்ஸில் நிற்கிற மாதிரிதான், ஆனால் டிரைவர் நிமிடம் முழுக்க பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

இதில் ஆபத்து எங்கே என்பதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தம் இல்லை. குப்புறப் படுத்த உடம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வாக்கில் வீசும் காற்றில் மிதக்கும். உட்கார்ந்தால் காற்றில் படுகிற பரப்பு குறைகிறது, அதனால் காற்றைக் கூட்டுகிறார்கள், தலைகீழ் என்றால் 240-ஐயும் தாண்டும். காற்று கொடுக்கிற விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 190-இல் நம் எடையைச் சரியாகத் தாங்குகிற உடம்பு, 250-இல் அப்படியே விரிந்து படுத்துவிட்டால், எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு விசையை வாங்கும். அடுத்த நொடி கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருப்போம். இதைக் கார்க் அடிப்பது என்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான், நாம் கிளம்பின உடனே காற்றைக் குறைத்துவிடுவார், பயிற்றுநர் காலையோ உடையையோ பிடித்து இழுத்துவிடுவார். வானத்தில் அப்படி யாரும் இல்லை. அங்கே கூட்டமாக விழும்போது ஒருவர் நிலை தவறி விரிந்தால், மற்றவர்கள் கண்ணுக்கு அவர் திடீரென மேலே பாய்வார், மேலே யாராவது இருந்தால் மோதல் பலமாக இருக்கும். அதனால்தான் நிலை தவறினால் விரியாமல், வேகத்தை விடாமல், பக்கவாட்டில் முதுகுக்குச் சாய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்று உட்கார்ந்த நேரத்தை விட முதுகுக்குச் சாய்ந்த நேரம்தான் அதிகம். பயிற்றுநர் அதற்குத்தான் கட்டைவிரல் காட்டினார்.

மார்ச் 15

பள்ளி விடுமுறை, டனல் முழுக்கப் பிள்ளைகள். எனக்கு முன்னால் உள்ளே போன சிறுமிக்குப் பத்து வயது இருக்கலாம், தலைகீழாகச் சுவரோரமாகச் சுற்றி, நின்று, மறுபடி தலைகீழாகி, சாவகாசமாகக் கதவுக்கு வந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஐஸ்கிரீமோடு நின்ற கூட்டம் கை தட்டியது. அடுத்தது நான். கூட்டம் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது.

இங்கே இப்படிப் பிள்ளைகள் வருவதற்குக் காரணம் உண்டு. இதே டனலில் பறந்து வளர்ந்த கைரா போ, 2017-இல் ஸ்பெயினில் நடந்த விண்ட் கேம்ஸில் 14 வயதில் இரண்டு தங்கம் வாங்கினார், ஒன்று ஃப்ரீஸ்டைல், மற்றொன்று வேகப் போட்டி. குதிக்க வானமே இல்லாத ஊர், ஆனால் குழாய்க்குள் உலகத் தரம். பிள்ளைகளுக்குக் கை கால் குட்டை, எடை குறைவு, பயம் அதைவிடக் குறைவு. நாம் முப்பதுக்கு மேல் ஆரம்பித்தால் உடம்பில் ஏற்கெனவே பதிந்துபோன பழக்கங்களை அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும்.

மார்ச் 20

அம்மா முழங்கையில் இருந்த நீலத்தைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, யாராவது அடிச்சாங்களா?" சுவர் என்றேன். 2022 தேசிய தின அணிவகுப்பில் ரெட் லயன்ஸ் வீரர் ஒருவர் பலமாகத் தரையில் மோதிக் காயப்பட்டதை யீஷூனில் வீட்டு டிவியில் பார்த்ததிலிருந்து பாராசூட் என்றாலே அவருக்கு ஆகாது. இதில் பாராசூட் கிடையாதும்மா, கட்டடத்துக்குள்ளேதான் என்று சமாதானம் சொன்னேன். தம்பி பக்கத்திலிருந்து, "அடுத்த வாரம் தாய்லாந்து டிக்கெட் போட்டிருக்கா, அதையும் சொல்லு" என்றான். இவனை எல்லாம் தேசிய சேவை ராணுவ முகாமிலேயே வைத்திருக்கலாம்.

மார்ச் 30, தாய்லாந்து

டனலில் பத்து வினாடி ஆடாமல் உட்கார்ந்தவள் வானத்தில் எப்படி உட்கார்ந்தேன் என்று எழுத வேண்டும், ஆனால் குதிப்பதற்கு முன்னால் நடந்ததுதான் அதிகம்.

முதலில் கருவிப் பை. டனலில் முதுகில் ஒன்றும் கிடையாது. இங்கே பாராசூட் பை முதுகில் திமிலாக நிற்கிறது, உட்கார்ந்து விழும்போது காற்று அதன் ஒவ்வொரு மடிப்பையும் கிளறிப் பார்க்கும். பெல்லியில் பைக்கு மேலே காற்றின் நிழல் இருக்கும், இங்கே அது கிடையாது. ஒரு மூடி சரியாக அடங்காமல் இருந்து, தலைகீழான வேகத்தில் பாராசூட் தானாக விரிந்தால் துணியும் கிழியலாம், ஆளும் அடிபடலாம். அங்குள்ள அனுபவசாலி ஒருவர் என் பையின் மூடிகளையும், கீழே பைலட் சூட்டை, அதாவது பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கிற சின்னக் குடையை, செருகி வைக்கிற பையையும் இழுத்துப் பார்த்தார். தொடை வார் இரண்டையும் பின்னால் இணைக்கிற ரப்பர் கயிறு இல்லை என்று சொல்லி, அவரே ஒன்றைக் கட்டிவிட்டார். அது இல்லாவிட்டால் உட்காரும்போது வார் முழங்காலுக்கு வழுக்கிப் போய்விடும். ஹெல்மெட்டுக்குள் உயரத்தைக் கூவிச் சொல்கிற கருவியும் வாடகைக்கு எடுத்தேன். வேகம் கூடினால் வீழ்ச்சி நேரம் ஒரு நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடமாகச் சுருங்குகிறது, கை மணிக்கட்டைப் பார்க்க மறந்தாலும் காது கேட்கும்.

விமானத்தில் பெல்லிக் குழுக்கள் முதலில் இறங்குவார்கள், ஃப்ரீஃப்ளை பின்னால். மெதுவாக விழுகிறவர்களைக் காற்று நெடுநேரம் அடித்துக்கொண்டு போகும், வேகமானவர்களை முன்னால் விட்டால் பின்னால் வருகிறவர்கள் அவர்கள் தலைக்கு மேலே மிதந்து வந்துவிட வாய்ப்பு உண்டு.

டனல் சொல்லித் தராத பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. உட்காரப் பழகுகிறவர்கள் எல்லோரும் தெரியாமலே முன்னாலோ பின்னாலோ வழுக்கிப் போவார்கள். டனலில் அப்படி வழுக்கினால் அரை நொடியில் சுவர் முதுகில் தட்டிச் சொல்லிவிடும். வானத்தில் சுவர் இல்லை, பல நூறு அடி நகர்ந்த பிறகும் நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். விமானம் போன கோட்டிலேயே அப்படி வழுக்கினால் முன்னால் இறங்கின குழுவின் மேலோ பின்னால் வருகிறவர்களின் கீழோ போய் நிற்போம். அதனால் அந்தக் கோட்டுக்குக் குறுக்காக, ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், எனக்கு வலது புறம் ஒரு குளத்தைக் காட்டி அதையே பார் என்றார்கள்.

சரி, குதித்தேன். உட்கார்ந்தேன். ஆடினேன், முதுகுக்குச் சாய்ந்தேன், வேகம் விடாமல் மறுபடி எழுந்து உட்கார்ந்தேன், குளம் எதிரிலேயே இருந்தது. காதில் முதல் கூவல் வந்ததும் பெல்லிக்குத் திரும்பி, வேகம் தணியக் கொஞ்சம் நேரம் கொடுத்து, பிறகுதான் விரித்தேன். மெதுவாகத் திறந்த அந்தப் பாராசூட்டைப் போல அழகான துணியைத் தேக்காவில் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி, மறுபடி வடை. நாளைக்கு டனலை ரத்து செய்துவிட்டேன், இந்த வயிற்றோடு தலைகீழாக நிற்பது மற்றவர்களுக்கும் நல்லதல்ல.

ஏப்ரல் 19

ஹெட் டவுன் ஆரம்பம். கம்பி வலையில் தலையை வைத்து, காலை மேலே நீட்டி, பயிற்றுநர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, காற்று மெல்ல மெல்ல ஏறுகிறது. எது இடது எது வலது என்பது எல்லாம் போய்விடும் என்று பயந்தேன், அது அவ்வளவு மோசமில்லை. கஷ்டம் காலில். உட்காரும்போது காலால் ஓட்டுகிற மாதிரி இங்கேயும் கால்தான் ஓட்டுகிறது, ஆனால் அது நம் பார்வைக்கு வெளியே மேலே எங்கேயோ கிடக்கிறது, விரிந்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்பது பயிற்றுநரின் விரலைப் பார்த்துத்தான் தெரியும். கடைசிச் சுற்றில் தலை வலையை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவர் கையை எடுத்தார், உடனே சாய்ந்தேன், எங்கே என்று கேட்க வேண்டாம், முதுகுக்குத்தான்.

அடுத்த வியாழன் இரவு ஒன்பது மணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நேரத்தைப் பகிர்ந்துகொள்ள இன்னும் ஓர் ஆள் வேண்டும். மல்லாந்து நிற்கத் தெரிந்தவராக இருந்தால் போதும், செலவு ஆளுக்குப் பாதி, முடிந்ததும் ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் பரோட்டா என் கணக்கு. விருப்பம் உள்ளவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.