அம்மப்பாவின் குரலை எங்கே வைப்பது?

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலையில் அம்மப்பாவை உட்காரவைத்து 40 நிமிடம் பேச்சைப் பதிவு செய்திருந்தேன். வயல்வெளியை 'வட்டை' என்பார். களத்தில் குவிந்த நெல் அவருக்குப் 'பொலி'. இரண்டு வசனத்துக்கு ஒரு 'மறுகா' வரும், 'பிறகு' என்ற பொருளில். அந்த மெமரி கார்ட் பழுதாகிவிட்டது. அம்மப்பாவும் இப்போது இல்லை.

அதன் பிறகுதான் கிளாரின் பற்றி வாசித்தேன். மொழித் தரவுகளுக்காக 2012இல் உருவான ஐரோப்பிய ஆய்வுக் கட்டமைப்பு அது; தலைமையகம் நெதர்லாந்தின் உத்ரெக்ட். அதில் உறுப்பினராவது தனி ஆளோ பல்கலைக்கழகமோ அல்ல, பெரும்பாலும் நாடுதான். அரசு ஆண்டுச் சந்தா கட்டுகிறது, உள்நாட்டில் நிறுவனங்களை ஒன்றுசேர்த்துத் தரவு மையம் அமைக்கிறது. அங்கே வைக்கும் ஒலிப்பதிவுக்கு நிலையான அடையாள எண் கிடைக்கும். இணைய முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் கொண்டு தேடி எடுக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்!

எஸ்தோனியாவின் சனத்தொகை சுமார் 13 லட்சம். தொடக்க உறுப்பினர்களில் அதுவும் ஒன்று. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து தென்னாப்பிரிக்காவும் பார்வையாளராகச் சேர்ந்தது. இலங்கை இல்லை. சரி, சந்தா பெரிய செலவுதான். ஆனால் இங்கே கிழக்கிலேயே வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவை சேர்ந்து ஒரு சேமிப்பகத்தையாவது இப்போதே தொடங்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பொலி தூற்றிய தலைமுறை நமக்காகக் காத்திருக்காது.

வரும் சனிக்கிழமை அம்மம்மாவின் தம்பியைப் பதிவு செய்யப் போகிறேன். இந்த முறை மூன்று பிரதி எடுப்பேன்.